கூவிய பெட்டையைப் பற்றி

சென்ற மாதம் ராயப்பேட்டையில் ஒரு நண்பரின் மாடி அறையில் எட்டுப் பேர் கூடியிருந்தோம். இளைஞர் ஒருவர் தம் கவிதையை வாசித்தார். ஒரு பெட்டைக்கோழி கூவுகிறது, சேவல்கள் வெட்கித் தலை கவிழ்கின்றன, கிழக்கு வெளுக்கிறது. விஷயம் இவ்வளவுதான். கேட்டவர்களுக்குப் பிடித்திருந்தது. ‘பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா?’ என்று காலம் காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற சமூகத்துக்கு இது சரியான பதில் என்றார் ஒருவர். நானும் தலையாட்டினேன். படியிறங்கி, மணிக்கூண்டைத் தாண்டி நடக்கும்போதுதான் சங்கடம் தொடங்கிற்று. கவிதை நிற்கிற பக்கம் சரியான பக்கம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோழி என்ன நிறம்? எதன்மேல் நின்று கூவிற்று? கவிஞருக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது கோழி அல்ல, ஒரு பழமொழியின் மறுபுறம்.

என் நிலைமை வேறு. கூவுகிற பெட்டையை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாடி அறையிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். அதைக் காட்டிக்கொடுத்தவனும் நான்தான்.

1966. எனக்குப் பத்து வயது. பீட்டர்ஸ் ரோடிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் ஓட்டு வீடு. திண்ணையில் ஆயா இட்லி விற்றாள். அம்மாவைப் பெற்றவள். விடியற்காலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டிவிடுவாள். ஐந்துக்கெல்லாம் ரிக்ஷாக்காரர்களும் ஆஸ்பத்திரிக்குச் சாமான் இறக்குகிறவர்களும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். பின்கட்டில் நாலைந்து கோழிகள். சேவல் ஒன்று இருந்தது. ஆடி மாதம் முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொண்டு அதை அறுத்தாகிவிட்டது. அதன்பின் சேவல் இல்லை.

தாத்தா இறந்தபோது ஆயாவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வீட்டில் பங்கு கேட்டு அவள் கொழுந்தனார் வந்து நின்றார். ஆயா தானே வக்கீலைப் போய்ப் பார்த்தாள், தானே பேசினாள், வீட்டைக் காப்பாற்றிக்கொண்டாள். அன்றைக்குத் தெருவே கேட்க அவர் சொன்ன வாக்கியம் எது என்று நான் எழுத வேண்டியதில்லை. அம்மா சொல்லித்தான் எனக்கு இது தெரியும். அதற்குப் பிறகு ஆயா எங்கே குரலை உயர்த்தினாலும், தண்ணீர்க் குழாயடியிலோ, கடன் பாக்கியிலோ, யாராவது ஒருவர் அந்தக் கோழியை எடுத்து அவள்மேல் எறிவது வழக்கமாகிவிட்டது. சில சமயம் சிரித்துக்கொண்டே எறிவார்கள். அவளும் சிரிப்பாள்.

ஐப்பசி மழை நாட்களில் ஒரு நாள் விடியற்காலை பின்கட்டிலிருந்து ஒரு கூவல் கேட்டது. முழுதாக இல்லை. ‘கொக்கர’ வரை வந்து, பையன்களுக்குக் குரல் உடைகிறபோது கேட்குமே, அதுபோலக் கீழே விழுந்தது. பக்கத்து வீட்டுச் சேவல் என்று ஆயா நினைத்தாள். மூன்றாம் நாள் நான் பின்கட்டுக்குப் போனேன். ஆட்டுக்கல்லின்மேல் கறுப்பி நின்றிருந்தது. முட்டை போடுவதை அது நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கொண்டை தடித்துச் சிவந்திருந்ததையும் பார்த்திருந்தோம். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கழுத்தை நீட்டிற்று. கண்ணை மூடிக்கொண்டது. கூவிற்று.

ஏதோ வித்தையைக் கண்டுபிடித்தவன்போல நான் திண்ணைக்கு ஓடினேன். “ஆயா, நம்ம கறுப்பிதான் கூவுது!”

ஆயா என்னைப் பார்க்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த நாலு ஆட்களைப் பார்த்தாள். அவர்கள் காதில் விழுந்ததா என்று பார்த்தாள். பிறகு, “மெதுவாப் பேசுடா” என்றாள்.

அன்றைக்கு வியாபாரம் முடியுமுன்னே, இட்லிக் குண்டானை அம்மாவிடம் விட்டுவிட்டு, கறுப்பியின் காலைக் கட்டிக் கூடையில் போட்டுக்கொண்டு ஜாம்பஜாருக்கு நடந்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கறிக்கடை பாய் கோழியைத் தூக்கி எடை பார்த்தார்.

“நல்லாத்தானே கீது. முட்டை போடலியா ஆயா?”

“கூவுது பாய்.”

“கூவினா கூவிட்டுப் போவுது. முட்டை போடலன்னா அறுக்கலாம், நோவுன்னா அறுக்கலாம், பசின்னா அறுக்கலாம். கூவுதுன்னா யாராச்சும் அறுப்பாங்களா?”

“ஊட்டுக்கு ஆவாது.”

அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. பிஸ்மில்லா சொல்லி அறுத்தார். வயிற்றைப் பிளந்து பார்த்தவர் ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினார். முட்டைக் கரு கொத்தாக இருக்கவேண்டிய இடத்தில் நெல்லிக்காய் அளவில் வெளிறிப்போன ஒரு கட்டி. “பாத்தியா, நோவு. அதான் கூவியிருக்கு” என்றார். ஆயா கறியை வாங்கிக்கொள்ளவில்லை, காசும் கேட்கவில்லை. வழியில் எனக்கு ஒரு பொறை வாங்கிக் கொடுத்தாள். வீடு வரும்வரை பேசவில்லை.

இதில் தவறு எங்கே இருக்கிறது என்று பல வருஷங்கள் யோசித்திருக்கிறேன். கொன்றது தவறு என்று நான் சொல்ல முடியாது. கோழி தின்கிறவன் நான். இந்தக் கட்டுரையை எழுதுகிற வாரத்திலும் தின்றிருக்கிறேன். பாய் சொன்ன மூன்று காரணங்களும் கோழியிடத்தில் இருக்கின்றன, அல்லது நம் வயிற்றில் இருக்கின்றன. நான்காவது காரணம் எங்கேயும் இல்லை. அது ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஒரு உயிர் ஒரு வாக்கியத்தின் பொருட்டுச் செத்தது. பாய்க்கு இந்த வித்தியாசம் ஸ்பஷ்டமாகத் தெரிந்திருந்தது. தத்துவம் படித்தவர்களிடம்கூட இவ்வளவு துல்லியத்தை நான் அதிகம் சந்தித்ததில்லை.

‘நோவு, அதான் கூவியிருக்கு’ என்று அவர் சொன்னதைக் கைத்தொழில்காரரின் யூகம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். பின்னால் படித்தபோது, மனிதர் சொன்னது ஏறக்குறைய அப்படியே சரி என்று தெரிந்தது. பெட்டைக்கோழிக்கு வேலை செய்கிற சினைப்பை ஒன்றுதான், இடப்பக்கத்தில். வலப்பக்கத்தில் இருப்பது வளராமல் நின்றுபோன ஒரு மிச்சம். நோயினாலோ கட்டியினாலோ இடப்பக்கத்துச் சினைப்பை அழிந்தால், அதிலிருந்து வந்துகொண்டிருந்த பெண் சுரப்பு நின்றுபோகிறது. வலப்பக்கத்து மிச்சம் விழித்துக்கொண்டு விரையைப் போன்ற ஒன்றாக வளரலாம். ஆண் சுரப்பு வருகிறது, கொண்டை தடிக்கிறது, கூவல் வருகிறது. அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கிறபோது சேவலின் நீண்ட வால் இறகுகள் முளைக்கின்றன.

இந்த இறகு விஷயத்தில் ஒரு விசேஷம் இருக்கிறது. நம் மனோபாவத்தைக் கொஞ்சம் அசைக்கக்கூடியது. காயடித்த சேவலுக்குக் கொண்டை சுருங்கும், கூவல் அடங்கும். ஆனால் இறகு சேவல் இறகாகவே இருக்கும். சினைப்பை நீக்கிய பெட்டைக்கும் முளைப்பது சேவல் இறகுதான். அதாவது, கோழி இனத்தில் சேவலின் அலங்காரம் என்பது எதுவும் செய்யாவிட்டால் தானாக வருவது. பெட்டையின் அடக்கமான பழுப்பைத்தான் ஒரு சுரப்பு நாள்தோறும் வேலை செய்து உண்டாக்க வேண்டியிருக்கிறது. ஆண்மையைச் சாதனையாகவும் பெண்மையை இயல்பான மிச்சமாகவும் பார்த்துப் பழகிய நமக்கு, கோழி இப்படித் தலைகீழாகச் செய்து வைத்திருப்பது வேடிக்கைதான். (இதையும் உடனே ஒரு குறியீடாக்கிவிட மனம் துடிக்கிறது. நான் எதைக் கண்டிக்கப் போகிறேனோ அதையே செய்கிறேன்.)

கட்டி இல்லாமலும் கூவுவதுண்டு. சேவலற்ற கூட்டத்தில் தலைமைப் பெட்டை ஒன்று சில சமயம் சேவலின் காரியங்களை எடுத்துக்கொள்கிறது. சண்டையில் சேவலை வென்ற பெட்டை கூவும், சேவலைப்போல் மற்றப் பெட்டைகள்மேல் ஏற முயலும் என்று அரிஸ்டாட்டில் தம் விலங்கு நூலில் குறித்திருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலான குறிப்பு. அதில் அபசகுனம் என்ற பேச்சே இல்லாதது எனக்கு ஆச்சரியம். பார்த்தான், எழுதினான், அடுத்த பறவைக்குப் போய்விட்டான். கோழிகளிடையே யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை 1921-ல் நார்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பே எழுதினார். சிறு வயதிலிருந்து கொல்லைக் கோழிகளைக் கவனித்து வந்தவர் அவர். ‘கொத்து வரிசை’ இன்று ஆபீஸ்களைப் பற்றிப் பேசக்கூடப் பயன்படுகிறது. கோழி அதிலும் காணாமல் போயிற்று.

1474-ல் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரத்தில் ஒரு சேவல் முட்டையிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. விசாரித்து, தண்டனை விதித்து, சேவலையும் முட்டையையும் சேர்த்து எரித்தார்கள். சேவல் இட்ட முட்டையிலிருந்து பார்வையாலேயே கொல்லும் பாம்பு பொரிக்கும் என்பது அவர்கள் பயம். எரிந்தது அநேகமாகச் சேவலே அல்ல, சேவல் இறகு முளைத்த ஒரு பெட்டை என்றுதான் இன்று அறிந்தவர்கள் கருதுகிறார்கள். ஆயா யாரையும் கூட்டவில்லை, தீர்ப்பு எழுதவில்லை. மற்றபடி ஜாம்பஜாருக்கும் பாஸலுக்கும் அதிக தூரமில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சியும் உண்டு. எடின்பரோவில் எஃப்.ஏ.ஈ. க்ரூ என்ற விஞ்ஞானி 1923-ல் ஒரு பெட்டையைப் பற்றி எழுதினார். பஃப் ஆர்பிங்டன் ஜாதி. முட்டையிட்டு, குஞ்சுகளுக்குத் தாயாக இருந்தது. பிறகு கூவத் தொடங்கிற்று, சேவலாக மாறிற்று, இன்னொரு பெட்டையோடு கூடி இரண்டு குஞ்சுகளுக்குத் தகப்பனாகவும் ஆயிற்று. அறுத்துப் பார்த்தபோது அதன் சினைப்பை நோயால் அழிந்திருந்தது. இந்தக் கோழியைக் கூவியதற்காக யாரும் கொல்லவில்லை. என்ன ஆகிறது பார்ப்போம் என்று இருந்தார்கள். அந்த இருப்பில் ஒரு மரியாதை இருப்பதாக எனக்குப் படுகிறது. விஞ்ஞானியின் மரியாதை குளிர்ந்த மரியாதைதான், கத்தி அவரிடமும் உண்டு. இருந்தாலும் கோழியிடம் கேட்க அவருக்குக் கேள்வி இருந்தது. பாஸல்காரர்களுக்கும் ஆயாவுக்கும் பதில் முன்கூட்டியே தெரிந்திருந்தது. நம் கவிஞருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் என் சங்கடம்.

படிமம், குறியீடு என்று நாம் இந்தப் பக்கங்களில் எவ்வளவோ பேசித் தீர்த்திருக்கிறோம். சகுனம் குறியீட்டின் மூத்தாள் என்பதை யாரும் சொன்னதாக ஞாபகமில்லை. இரண்டுக்கும் செயல்முறை ஒன்று. எதிரே நிற்கிற வஸ்து வேறொன்றைச் சொல்ல வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வது; சொன்னதும் வஸ்துவை விட்டுவிடுவது. ஆயா கோழியில் வீட்டின் கேட்டைப் படித்தாள். நண்பர் கோழியில் பெண்ணின் விடுதலையைப் படிக்கிறார். முந்தையது பயந்த வாசிப்பு, பிந்தையது தாராளமான வாசிப்பு. கோழிக்கு இரண்டிலும் இடமில்லை. போதாததற்கு, கறுப்பி கூவியது விடுதலையால் அல்ல, வயிற்றுக் கட்டியால். அதைக் கொண்டாடுவது ஒரு நோயைக் கொண்டாடுவது. ஆயாவாவது ‘ஏதோ சரியில்லை’ என்ற அளவில் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தாள். சரியில்லாதது கோழிக்கு என்று நினைக்காமல் வீட்டுக்கு என்று நினைத்தாள்.

அப்படியானால் எதையும் எதற்கும் உவமை சொல்லக்கூடாதா, கவிதையே வேண்டாமா என்று என்னைக் கேட்பார்கள். மாடி அறையில் நான் வாயைத் திறந்திருந்தால் கேட்டிருப்பார்கள். இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. உவமை இல்லாமல் இந்தக் கட்டுரையையே எழுதியிருக்க முடியாது. கறுப்பியின் குரலைப் பையனின் குரலோடு ஒப்பிட்டாகிவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசம் எனக்குத் தென்படுகிறது. பையனின் குரலைச் சொன்னது கூவலை இன்னும் சரியாகக் கேட்பதற்காக. கேட்காமல் இருப்பதற்காகச் சொல்கிற உவமையும் உண்டு. பழமொழி அப்படிப்பட்டது. அதை வீசுகிறவன் எதிரில் நிற்கிற பெண் என்ன சொல்கிறாள் என்பதைக் கேட்க வேண்டியதில்லை; கோழியை நடுவில் நிறுத்திவிட்டால் போதும். வீடு யாருடையது என்று ஆயா கேட்டதற்குக் கொழுந்தனார் பதில் சொல்லவே இல்லை, கவனியுங்கள்.

பழமொழியின் தர்க்கத்தையாவது ஒப்புக்கொள்ள முடியுமா என்று பார்த்தால், அதுவும் முடியவில்லை. பெட்டையால் கூவ முடியாது என்று அது சொல்லவில்லை. கூவும், ஆனால் விடியாது என்கிறது. சேவல் கூவினால் மட்டும் விடிகிறதா? ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் ஷிம்முரா, யோஷிமுரா இருவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், சேவல்கள் வெளிச்சம் வருவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே கூவத் தொடங்குகின்றன. மாறாத மங்கிய வெளிச்சத்திலேயே வைத்திருந்தாலும், உள்ளே இருக்கிற ஒரு கடிகாரத்தின்படி கூவுகின்றன. அதாவது சேவலுக்குச் சூரியன்கூட அத்தனை முக்கியமில்லை. அதே குழு 2015-ல் இன்னொன்றும் காட்டிற்று: கூட்டத்தில் முதல் நிலைச் சேவல்தான் முதலில் கூவும்; மற்றவை அதற்குக் காத்திருந்து வரிசைப்படி கூவும். கூவல் விடியலைப் பற்றியது என்பதைவிட வரிசையைப் பற்றியது என்றே சொல்லலாம். பழமொழியும் விடியலைப் பற்றியது அல்லதானே.

எங்கள் சந்தில் விடிந்ததை அறிவிக்கப் பலர் இருந்தார்கள். பள்ளிவாசல் பாங்கு, பால்காரரின் சைக்கிள் மணி. கீரைக்காரியும் மீன்காரியும் கூவிக்கொண்டு வருவார்கள். ‘கூவி விற்பது’ என்று தமிழில் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறோம். பெண் கூவுவதில் மொழிக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. காசுக்குக் கூவலாம், பங்குக்குக் கூவக்கூடாது என்பது மொழியின் விதி அல்ல.

அதே ராயப்பேட்டையில் லாயிட்ஸ் ரோடு இப்போது அவ்வை சண்முகம் சாலை. டி.கே. சண்முகம் மேடையில் அவ்வைக் கிழவியாக நடித்தார். அந்தப் பெயரே அவரோடு ஒட்டிக்கொண்டு, 1973-ல் அவர் இறந்த பின்னும் தெருப் பலகையில் நிற்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையிலிருந்து வந்தவர். பையன்களுக்கு ஸ்திரீபார்ட் கொடுத்துப் புடவை கட்டிவிட்ட நாடக உலகம் அது. அதற்கு எதிர்த்திசையில், கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் படத்தில் நந்தனாராக, ஆணாக, நடித்தார். அந்தக் குரலை ஊர் தலைமேல் வைத்துக்கொண்டாடிற்று. அவரே பிறகு 1953-ல் திரையில் அவ்வையாராகவும் வந்தார். ஆக, வேஷம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நம்மவர்களுக்கு எதுவும் பிரச்சினையில்லை. சேவல் பெட்டையாகலாம், பெட்டை சேவலாகலாம், டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள். வேஷம் இல்லாமல், பின்கட்டில், யாரும் எதிர்பாராத நேரத்தில், உடம்பே அப்படிச் செய்கிறபோதுதான் கத்தி தேவைப்படுகிறது.

உடம்பு என்பதும் நாம் நினைக்கிற அளவுக்கு லேசில் கட்சி மாறுகிற வஸ்து அல்ல. எடின்பரோவுக்கு அருகே ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில், பிறவியிலேயே ஒரு பாதி சேவலும் மறு பாதி பெட்டையுமாக இருந்த கோழிகளை ஆராய்ந்து 2010-ல் எழுதினார்கள். இரத்தத்தில் ஓடுகிற சுரப்பு இரு பாதிக்கும் ஒன்றுதான்; ஆனால் பறவையின் ஒவ்வொரு அணுவும் தான் ஆணா பெண்ணா என்பதைப் பெருமளவு தன்னளவில் தெரிந்து வைத்திருக்கிறது என்று தெரியவந்தது. அர்த்தநாரி நினைவுக்கு வந்தால் வரட்டும், அதில் நான் நிற்கப் போவதில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு: கூவிய கறுப்பி கடைசிவரை பெட்டையாகவேதான் இருந்தது. சேவலாக ஆசைப்படவும் இல்லை, சேவலை எதிர்க்கவும் இல்லை. நோய்ப்பட்ட ஒரு பெட்டைக்கோழி ஆட்டுக்கல்லின்மேல் ஏறி, தன் உடம்பு கொடுத்த குரலில் கூவிற்று.

நான் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். பத்து வயதுப் பையனிடம் அதை எதிர்பார்க்க முடியாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதுண்டு. என்னை உறுத்துவது நான் சொன்னதல்ல, சொன்ன இடம். பின்கட்டில், ஆயாவிடம் தனியாக, காதோடு சொல்லியிருந்தால் அவள் கறுப்பியை வைத்துக்கொண்டிருப்பாளோ என்னவோ. நான் திண்ணையில், ஆட்கள் முன்னால் சொன்னேன். அவர்கள் அடுத்து யாரைப் பார்ப்பார்கள் என்று ஆயாவுக்குத் தெரியும். கோழியிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு பார்வைத் தூரம். அந்தத் தூரத்தில் எதையாவது செய்தாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சகுனத்தை அவள் உண்மையில் நம்பினாளா என்பதே எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. விதவை முகத்தில் முழித்தால் ஆகாது என்கிற ஊரில், விடியற்காலை முதல் முகமாகத் தன் முகத்தைக் காட்டி இட்லி விற்றவள் அவள்.

1979-ல் அவள் படுக்கையில் கிடந்தபோது ஒரு நாள் கேட்டேன்.

“ஆயா, நம்ம கறுப்பிய ஏன் அறுத்தே?”

“எந்தக் கறுப்பி?”

“ஜாம்பஜார் பாய்கிட்ட கொண்டும்போனமே.”

வெகுநேரம் ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று எழுந்தேன்.

“அதுவா,” என்றாள். “அது முட்டை போடல.”